மேகம் விலக்குகிற அண்ணி

என் அண்ணியைப் பற்றி யார் எழுதினாலும் அவள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல முடியாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். கேஸ் அடுப்பை அணைத்த பிறகு மூக்கை நீட்டி மோந்து பார்ப்பாள். லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சமும் பேய்தான். "இவ்வளவு பளிச்சுன்னு இருக்கே, ஏதோ சரியில்ல" என்பாள்.

இவளை என் அண்ணன் தலையில் கட்டியது நான்தான். வானிலை மையத்தில் நான் கீழ்த்தளத்தில் தொலைபேசிப் பிரிவு, அவள் மாடியில் மேகப் பிரிவு. கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து பழக்கம். என் அண்ணனோ இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காதவன். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன். இந்த இரண்டையும் கலந்தால் நடுவில் சரியாக ஒரு மனுஷ ஜென்மம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கலக்கவே இல்லை. அவன் அவளைத் தொடைநடுங்கி என்று கூப்பிடுவான், அவள் அவனை எமனுக்கு மச்சான் என்பாள். அப்படியே சந்தோஷமாக இருந்தார்கள், எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவளை வா, போ என்றுதான் பேசுவேன். அண்ணியான பிறகு வாங்க, போங்க. கோபம் வந்தால் மட்டும் பழையபடி ஆகிவிடும்.

அவள் வேலையைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. எங்கள் தலைக்கு மேல் போகிற செயற்கைக்கோள் ஒன்று பூமியிலிருந்து கிளம்புகிற வெப்பத்தைப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதில் சில கதிர்கள் உயரத்தில் இருக்கிற காற்றிலிருந்து வருகின்றன, சில நடுவிலிருந்து, சில தரையிலிருந்து. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எந்த உயரத்தில் காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று மேலிருந்து கீழ்வரை சொல்லிவிடலாம். எல்லாம் சரி, நடுவில் மேகம் வந்து நிற்காத வரைக்கும். மேகம் வந்துவிட்டால் கீழே இருக்கிற சூடு மேலே வராது. மேகத்தின் முதுகுதான் தெரியும், அது சில்லென்று இருக்கும். காய்ச்சல் பார்க்க வந்தவன் போர்வையின் மேல் கை வைத்துவிட்டு உடம்பு ஜில்லென்று இருக்கிறது என்று சொன்ன மாதிரி.

மேகம் இல்லாத இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று நானும் கேட்டேன். அப்படிப் பார்த்தால் உலகத்தில் பாதிக்கு மேல் போய்விடுமாம். அதனால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அதை அண்ணி கேன்டீனில் இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாள்.

"ரெண்டுலயும் ஒரே மாட்டுப் பால். ஒண்ணுல தண்ணி கொஞ்சம், இன்னொண்ணுல தண்ணி நிறைய. ரெண்டையும் குடிச்சுப் பாத்தா தண்ணியே கலக்காத பால் எப்படி இருக்கும்னு ஊகிக்க முடியும்ல? அதேதான். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வட்டம் எடுப்போம், கோள் ஒரு பார்வைல பாக்கற தரைத் துண்டுதான் ஒரு வட்டம். ஒண்ணுல மேகம் கம்மி, ஒண்ணுல ஜாஸ்தி. வித்தியாசம் மேகத்தால வந்தது. அதை வச்சு மேகமே இல்லாட்டி எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டுடலாம்."

"அவ்வளவு சுலபமா?"

"சுலபம்தான். ஆனா ரெண்டும் ஒரே மாட்டுப் பாலா இருக்கணும். அதுதான் எனக்கு பயம்."

கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். சந்தேகமான ஜோடிகளை மட்டும் மஞ்சள் நிறத்தில் காட்டும். அந்த மஞ்சள்களைப் பார்த்து, இது சேரும், இது சேராது என்று முடிவு செய்வதுதான் அண்ணியின் வேலை. பயந்தவளிடம் சந்தேகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? முக்கால்வாசியைத் தள்ளிவிடுவாள். அவள் தள்ளிய இடத்துக்கு எங்களிடம் விடை இல்லை என்று நான் போனில் சொல்ல வேண்டும். விவசாய ஆபீஸ் திட்டும், துறைமுகம் திட்டும். சாலை ஆபீஸ் திட்டாது. விடை இல்லையென்றால் மலையடிவாரத்து கேட்டை மூடிவிட்டு, ஒரு ஆளை ஜீப்பில் மேலே அனுப்பிப் பார்த்துவிட்டுத் திறப்பார்கள். அது அவர்கள் வழக்கம். திட்டுவது என் அண்ணன்தான்.

"'உன் பொண்டாட்டி பயத்துக்கு நாங்க கேட்டுல நிக்கணுமா'ன்னு பயணிங்க கேக்கறாங்கடி" என்று என்னிடம் புலம்புவான். "என்னமோ நான் வீட்டுலயே சொல்லி வச்சு நிறுத்தின மாதிரி."

மேகப் பிரிவின் தலைவருக்குச் சதவீதம் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான். அவர் வாயில் எதைத் தொட்டாலும் சதவீதத்தில்தான் முடியும். கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கு ஒவ்வொரு மாதமும் நாங்கள் எத்தனை வட்டத்துக்கு விடை கொடுத்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும், அதில் எங்கள் மையம் எப்போதும் கடைசி. அன்றைக்குக் காலை அந்தக் கடுப்பில் அண்ணியின் மேசைக்கு வந்தார். நான் அப்போது மாடியில் அவளுக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தேன், வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, மேகம்னா பயப்படறவங்க மேகப் பிரிவுல எதுக்கு இருக்கணும்? பக்கத்து மையத்துல எண்பது சதவீதம் எடுக்கறாங்க. நாம அறுபதைத் தாண்டல. எல்லாத்தையும் தள்ளிட்டா அந்தக் கோளை மேல அனுப்பினதே தண்டம்தானே?"

அண்ணி எழுந்து நின்றுகொண்டு சரிங்க சரிங்க என்றாள். அவர் போன பிறகு முகம் சுண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு அண்ணி. கொஞ்சம் தைரியமாத்தான் இருங்களேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

குளிர்காலம். மலையில் போன வாரம் விழுந்த பனி இன்னும் கரையவில்லை. கணவாயில் இருந்த வெப்பமானி பழுதாகி, அதைச் சரிசெய்கிற ஆள் விடுப்பில் இருந்தான். மதியத்துக்கு மேல் மலையில் தூறல் விழும் என்று முன்னறிவிப்பு மேசைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். தூறலால் ஒன்றும் இல்லை, தரை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. தரை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் அது வெறும் மழை, ரோடு நனையும், அவ்வளவுதான். கீழே இருந்தால் விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறைந்து, தார் ரோட்டின் மேல் கண்ணாடி பதித்த மாதிரி ஆகிவிடும். கறுப்பாக ரோடு மாதிரியேதான் தெரியும். சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும்.

சாலை ஆபீசிலிருந்து கேட்டார்கள். மாடியிலிருந்து வந்த விடையைப் பார்த்தேன். மலைச்சரிவில் தரை நான்கு டிகிரி. பூஜ்யத்துக்கு மேலே. "பனிக்கட்டி பயம் இல்லைங்க, தாராளமா விடுங்க" என்று வாய் நிறையச் சொன்னேன். போனை வைத்துவிட்டு, அண்ணன் இன்றைக்காவது கேட்டில் நிற்காமல் போவான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு நானும் அண்ணியும் குழாயடியில் டப்பா கழுவினோம். ஜன்னல் வழியாக வந்த காற்றில் விரல் விறைத்துப் போயிருந்தது. குழாய்த் தண்ணீர் கையில் பட்டதும் எனக்கு இதமாக இருந்தது. "அப்பாடா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு" என்றேன்.

அண்ணி கையை நீட்டியபடியே நின்றாள். தண்ணீர் மணிக்கட்டு வழியாக வழிந்து அவள் சட்டைக் கை நனைந்தது. அவள் எடுக்கவில்லை.

"என்ன அண்ணி?"

"அணை" என்றாள்.

"எந்த அணை?"

"மலைக்குப் பின்னால புது அணை. அது நிரம்பி எவ்வளவு நாளாச்சு? கம்ப்யூட்டர் வச்சிருக்கிற வரைபடத்துல அது இன்னும் பள்ளத்தாக்கு. வெறும் மண்ணு." அவள் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. "அந்த ஜோடி மஞ்சளாத்தான் இருந்துச்சு. ஒரு வட்டம் சூடா இருந்துச்சு, மேகம் கம்மின்னு நினைச்சேன். அது மேகம் கம்மி இல்ல. அது தண்ணி. தண்ணி சீக்கிரம் ஆறாது. இன்னொண்ணு சில்லுன்னு இருந்துச்சு, மேகம் ஜாஸ்தின்னு நினைச்சேன். அது பனி மூடின மலை. ரெண்டும் வேற வேற பாலு. நான் ரெண்டையும் சேர்த்து…"

மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்கும் பனிக்கும் இருக்கிற வித்தியாசத்தை மேகத்தின் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டு, கணக்கு அந்த வித்தியாசத்தை இன்னும் நீட்டிவிட்டது. இல்லாத மேகத்தை விலக்கி, இல்லாத சூட்டைக் கண்டுபிடித்துவிட்டது. அவள் மாடிக்கு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த ஜோடியைப் பிரித்துவிட்டு மலையை மட்டும் பக்கத்து மலையோடு சேர்த்துப் போட்டாள். அவசரத்தில் விசையைத் தவறாக அழுத்தி மறுபடி அழுத்தினாள். திரையில் எண் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.

ஏன் இந்தப் பொம்பளை இன்றைக்குப் பார்த்துத் தைரியமாக இருந்தாள்? தினமும் தள்ளுகிறவள் இதையும் தள்ளியிருந்தால் கேட் மூடியிருக்குமே. அவள்மேல் வந்த ஆத்திரத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ? அண்ணன் வண்டி மேல போயிருக்கும்டி!"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்ணு, போன் பண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து சாலை ஆபீசைக் கூப்பிட்டேன். கேட்டை மூடுங்கள், கணவாயில் பனிக்கட்டி என்று கத்தினேன். எடுத்தவர் நிதானமானவர், திருப்பிக் கேட்காமல் உடனே வயர்லெஸ்ஸில் சொல்லி மூடச் சொன்னார். பிறகு என்னோடு பேசினார். "மூடியாச்சு. ஆனா ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் ஏற்கெனவே ஏறிடுச்சு. தூறல் ஆரம்பிச்சாச்சுன்னு கேட்காரன் சொல்றான்."

"அந்த பஸ்ஸை நிறுத்த முடியாதா?"

"முதல் வளைவு தாண்டினா எதுவும் கிடைக்காதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அண்ணன் அந்த வளைவைத் தாண்டினால் போன் செத்துவிடும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறான். தொல்லையில்லாத இடம் என்று பெருமையாகச் சொல்வான். ஆனாலும் அவன் எண்ணை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அண்ணி என் பக்கத்து நாற்காலியில் கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டித்துப் போயிருந்தது. இத்தனை வருடம் அவள் பயத்தைக் கேலி செய்தவள் நான். அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. காது மட்டும் பெரிதாகிவிடுகிறது. வராண்டாவில் யாரோ செருப்பை இழுத்து நடந்தால்கூடச் செய்தி வருகிறது என்று தோன்றுகிறது.

"உங்களுக்கு தினமும் இப்படித்தான் இருக்குமா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல" என்றாள். "தினமும் ஒண்ணும் ஆகாதுன்னு உள்ளுக்குள்ள தெரியும். அதனாலதான் பயப்பட முடிஞ்சுது."

சாலை ஆபீஸ்காரர் திரும்பக் கூப்பிட்டார். அவர் குரலிலிருந்த நிதானம் போயிருந்தது. மேலே போன ஜீப் பாதியிலேயே நின்றுவிட்டதாம், ஏற முடியவில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் மேல் வளைவில் தடுப்புச் சுவர் உடைந்திருப்பது தெரிகிறதாம். ஒரு பெரிய வண்டி பள்ளத்தில் கிடக்கிறதாம்.

"எந்த வண்டி?"

"மேகம் இறங்கியிருக்கும்மா. சரியாத் தெரியல. பெரிய வண்டின்னு மட்டும்தான் சொல்றாங்க."

நான் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை, என் முகத்திலேயே படித்துவிட்டாள். எழுந்தாள், இரண்டடி வைத்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. ஈரமாயிருந்த சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அது காய்ந்து போன பிறகும் பிழிந்தாள். நான் கடவுளிடம் பேரம் பேசினேன். அண்ணன் மட்டும் இல்லாமல் இருக்கட்டும், வேறு யாராக இருந்தாலும் சரி என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன். மனசுக்குள்தான் என்று நினைத்தேன், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போதுதான் சதவீதம் கீழே வந்தார். விஷயம் தெரிந்துவிட்டது. அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது, நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யார் கேட்டாலும் இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு எங்க நடந்துச்சுன்னு விசாரிக்கணும். வரைபடம் தப்பு, அது நம்ம தப்பு இல்ல. மேல கேட்டுட்டு அப்புறம் பேசலாம். புரியுதா? ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கைபேசி ஒலித்தது. திரையில் அண்ணன் பெயர். எடுக்கத் தெரியாமல் தடுமாறினேன், அண்ணி பிடுங்கிக் காதில் வைத்தாள், பிறகு சத்தமாக வைத்தாள்.

"ஏய், என்ன இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வளைவுக்குக் கீழ நடந்து வந்ததும் சரமாரியா வருது." அண்ணனின் குரல்தான். ஆனால் அவன் குரல் மாதிரியே இல்லை. நடுங்கியது. என் அண்ணன் குரல் நடுங்கி நான் கேட்டதே கிடையாது. "எல்லாரும் நல்லா இருக்காங்க. வண்டியை நிறுத்திட்டேன். பயணிங்களைச் சுவரோரமா நடத்திக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"எப்படி நிறுத்தினீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"எனக்கு முன்னால ஒரு லாரி போச்சு. ரோடு நல்லாத்தான் இருந்துச்சு, நானும் அவன் வேகத்துலயேதான் போய்க்கிட்டிருந்தேன். திடீர்னு அவன் வண்டி பக்கவாட்டுல நழுவிச்சு. அப்படியே சுவரை உடைச்சுக்கிட்டு… என் கண்ணு முன்னாடியே. அதைப் பாத்துத்தான் கியரைக் குறைச்சு மண்மேட்டுல உரசி நிறுத்தினேன். அவன் முன்னால போகலன்னா அது நான். மேல இருந்து கூப்பிட்டுப் பாத்தேன். பதில் வரல."

நான் அழுதேன், உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். மறைப்பானேன். போன உயிர் திரும்பி வந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு கட்டை மாதிரி இருந்தது. அவள் பயம் போகவே இல்லை, இடம்தான் மாறியிருந்தது.

என் மேசைத் தொலைபேசி அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"வானிலை ஆபீசா? மலைப்பாதையில பனிக்கட்டி இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? சாலை ஆபீஸ்ல கேட்டேன், உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் லாரில போயிருக்காரு. ஏதோ வண்டி விழுந்துடுச்சுன்னு இங்க பேசிக்கறாங்க. ரோடுதான் நல்லா இருக்கே, அவரா இருக்காது இல்ல? நீங்க சொல்லுங்க, அவரா இருக்காது இல்ல?"

இருபது வருடமாக வாயாலேயே பிழைக்கிறவள், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சதவீதம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வைத்துவிடு என்று சைகை காட்டினார். வைத்துவிடத்தான் நினைத்தேன். அண்ணி என் கையிலிருந்து ரிசீவரை எடுத்தாள். அவள் விரல்கள் நடுங்கியதில் அது அவள் தோட்டில் பட்டு டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

"அக்கா, லாரிதான் விழுந்திருக்கு" என்றாள். "உயிரோட இருக்காரா இல்லையான்னு இன்னும் தெரியாது. ஆள் இறங்கிக்கிட்டிருக்காங்க. பனிக்கட்டி இல்லன்னு கணக்குப் போட்டுச் சொன்னது நான்தான். அது தப்பு."

மறுமுனையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. திட்டினாள், சபித்தாள், நடுவில் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அண்ணி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பெண் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "உங்ககூட யாராவது இருக்காங்களா அக்கா?" என்று கேட்டாள். இல்லை போலிருக்கிறது. "விலாசம் சொல்லுங்க. நான் வரேன். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போலாம்" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா? அடிச்சுப் போட்டுடுவாங்கம்மா" என்றார் சதவீதம்.

"அதுக்கும் பயமாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் என் அண்ணன் உயிரோடு வீடு வந்து சேர்ந்தான். கதவைத் திறந்தது நான். உள்ளே வந்தவன் ஒவ்வொரு அறையாக அவளைத் தேடினான். அவள் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருக்கிறாள் என்றேன். அவனுக்கு முன்னால் போன அந்த மனுஷனின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மூடியிருக்கிற கதவையே பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே திரும்பி அங்கே போனான்.